லேபிளில் இருக்கும் பிள்ளை

பகல் பதினொன்றே கால். அச்சடித்த பட்டாசுப் பெட்டி லேபிளின் முதல் கட்டு அப்போதுதான் மேசைக்கு வந்தது. மை இன்னும் விரலில் ஒட்டியது.

சுகிர்தா குனிந்து பார்த்தாள். நாலு முகம். தருண்குமார், சுந்தரபாண்டி, சுந்தரபாண்டியின் தம்பி. நாலாவது, அவர்களோடு பாடும் அவள் இல்லை. யாரோ ஒரு வெள்ளைக் கன்னக்காரி. பல வருஷமாகக் கம்பி மத்தாப்புப் பெட்டிகளில் சிரித்துக்கொண்டிருப்பவள். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இப்படி எத்தனையோ பேர் கிடக்கிறார்கள்.

"மாமா, இது யாரு?"

"உங்க அப்பாதான் சொன்னாக," என்றார் சீனிவாசகம். அவர் தருணின் அப்பா, பட்டாசுக் கம்பெனி முதலாளி. "கல்யாணம் பேசுற பிள்ளை மூஞ்சி தெருவுல கிழிஞ்சு கெடக்கக் கூடாதுன்னாக. நியாயந்தானம்மா."

குழுவின் பெயர் 'ஒரே மூச்சு'. நாலு குரலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பாடுவார்கள். ஓடியது ஒரே பாட்டு. 'சரவெடியே சிரி, சிரிடி சரவெடியே.' அதற்குமேல் அதில் ஒரு சொல்லும் கிடையாது. ஏழாயிரம்பண்ணைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களில் அதுதான். ஆமத்தூரில் காதுகுத்துக்கும் அதுதான். இந்த வருஷச் சரவெடிப் பெட்டிக்கும் அதுதான். தருண் இப்போதெல்லாம் அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுகிறான். சுந்தரபாண்டி கையெழுத்துப் பழகுகிறான். கேட்கத்தான் ஆள் இல்லை. தம்பி எதற்கும் தலையாட்டுவான். பாடும்போதும் பெரும்பாலும் அதைத்தான் செய்வான்.

"பெட்டியில யாரு இருந்தா என்ன," என்றாள் சுகிர்தா. "சாயங்காலம் மேடையில பாடப்போறது நான்தானே."

தருண் மேசையைப் பார்த்துப் பேசினான். "அதுல ஒரு சின்ன விஷயம், சுகி. சாயங்காலம் சாம்பிள் வெடிக்கிறதப் பாக்க வெளியூர் யாவாரிக வாராக. பெட்டியில ஒருத்தி, மேடையில ஒருத்தின்னா சரக்கே டூப்ளிகேட்னு நெனச்சிருவாக. மதுரையில ஒரு பிள்ளையப் பிடிச்சிருக்கோம். அச்சு அசல் இவதான். நீ ஸ்கிரீனுக்கு அங்கிட்டு நின்னு பாடிரு."

"அவ வாய மட்டும் அசைப்பா," என்றான் சுந்தரபாண்டி. "அழகா அசைக்கா."

"லேபிள மாத்துங்க."

"சீசன் முழுசுக்கும் மிஷின்ல ஓடுதேம்மா," என்றார் சீனிவாசகம்.

லேபிளை மாற்ற முடியாது. ஆளை மாற்றலாம். அந்த அறையில் வேறு யாருக்கும் இதில் சந்தேகம் இல்லை.

சுகிர்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "திரைக்குப் பின்னால நான் நிக்க மாட்டேன்."

"நிக்காட்டிப் போ. நாங்க மூணு பேரு இல்லையா? வாங்கலே, ஒரு தடவ பாடிப் பாப்போம்," என்றான் தருண்.

மூவரும் நெருங்கி நின்றார்கள். தருண் விரலைச் சொடுக்கினான். சரவெடி மூன்று திசையில் கிளம்பியது. நிறுத்தினார்கள். மறுபடி. இந்தத் தடவை தம்பி தருணின் சுரத்திலேயே தொற்றிக்கொண்டான். தருணோ பாதி வழியில் சுந்தரபாண்டியின் சுரத்துக்கு இறங்கிவிட்டான். சந்தைக்கு ஓட்டிப்போகும் மாடுகள் இதைவிடச் சேர்ந்து கத்தும். சீனிவாசகம் ஏற்கெனவே அடுக்கியிருந்த லேபிள்களை இன்னொரு தடவை அடுக்கினார்.

மேடை ஏறுமுன் ஒவ்வொருவன் காதிலும் அவனவன் சுரத்தை முனகிவிடுவது சுகிர்தாதான். அப்புறம்தான் கை காட்டுவாள். அப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்ததே அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் ஒரு லேபிளை எடுத்து விசிறிக்கொண்டாள்.

தருண் தொண்டையைச் செருமினான். தம்பியைப் பார்த்தான். தம்பி தலையாட்டினான்.

"சுகி, சுரத்த எங்கன இருந்து எடுக்கணும்?"