ஆறரை மணி மேடு

என் அக்கா வீட்டுக்காரர் மூன்று வருஷத்துக்கு நிலத்தை உழமாட்டேன் என்று எங்கள் ஆய்வு நிலையத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். உழாமல் விதைத்தால் மண் எவ்வளவு கரியமில வாயுவை உள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று பார்ப்பதுதான் ஆய்வு. அவருடைய மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் கம்பம் நட்டு, உச்சியில் காற்றை அளக்கும் கருவியைப் பொருத்தியிருந்தோம். கம்பத்துக்குப் பொறுப்பு நான். அளவு கெட்டால் முதலில் போவது என் வேலை.

அந்தக் காட்டின் வருஷம் எனக்குக் கணினியில் ஒரு கோடுதான். பயிர் கிடுகிடுவென்று வளரும் மாதங்களில் வாயுவை உறிஞ்சும், கோடு இறங்கும். அறுவடை முடிந்து சோளத்தட்டை மக்கத் தொடங்கினால் மெதுவாக ஏறும். உழுதுவிட்டால் மண்ணுக்குள் இருந்தது வெளியே வந்து கோடு எகிறும்.

இரண்டாம் வருஷ அறுவடை முடிந்ததும் கோட்டில் ஒரு மேடு முளைத்தது. தினமும் காலை ஆறரைக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு அடங்கியது. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மனுஷன் திருட்டுத்தனமாக உழுகிறார். முப்பது வருஷமாக அறுவடை முடிந்த கையோடு டிராக்டரில் ஏறியவர், சும்மா இருப்பாரா?

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். ஒரு மண்ணாங்கட்டியைக்கூடப் புரட்டவில்லை என்று தட்டைப் பார்த்தே சொன்னார். கருவிக்குத்தான் கோளாறு என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். கூடப் பிறந்தவள் வேறு.

காட்டைச் சுற்றி வந்தேன். அறுத்த கட்டைகள் வரிசை கலையாமல் நின்றன. இதற்குள் தலைமை அதிகாரி கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் கம்பத்தைப் பிடுங்கிவிடலாம் என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே தட்டைப் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தும்மலை அடக்குவதே பெரும்பாடு. ஆறரைக்குக் கொட்டகையிலிருந்து டிராக்டர் வந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில், காட்டைப் பார்த்தபடி நின்றது. கலப்பை தூக்கியே இருந்தது. அவர் எஞ்சினை நிறுத்தவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து, அவ்வப்போது கழுத்தைத் திருப்பிப் பின்னால் இல்லாத உழவுச்சால் நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டார். புகை மொத்தமும் என் கருவிக்குப் போயிற்று.

எழுந்து எதிரில் போய் நின்றேன்.

"உழலையே," என்றார். "சும்மா உக்காந்திருக்கேன்."

"தினமுமா மாமா?"

"அறுப்பு முடிஞ்சா இந்த நேரத்துக்கு உடம்பு தானா எழுந்துக்குது. வீட்ல இருந்தா உங்கக்கா வெங்காயம் உரிக்கச் சொல்றா."

"எஞ்சினையாவது நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்திட்டா அது நாற்காலி."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டு வருஷமாக மண்ணையே அளந்தோம், இவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டிராக்டர் புகை, உழவு நடக்கவில்லை என்று அறிக்கை எழுதினேன். உழாதவருக்கு டிராக்டர் எதற்கு என்று அதிகாரி கேட்டார். ஏக்கம் என்றேன். அவர் கோட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அந்த முக்கால் மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் கம்பத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

காற்று கம்பத்துப் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து, கொட்டகைக்குப் பின்னால் மாமாவுக்கு ஒரு இடம் காட்டினேன். மறுநாள் ஆறரைக்குக் கோடு ஆடாமல் அசையாமல் கிடந்தது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மாமா வந்தாரா என்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இங்கதான் இருக்காரு," என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "நானும் பக்கத்துல ஏறி உக்காந்துட்டேன். பாதி வெங்காயம் உரிச்சாச்சு."