கபோவுக்குள் வந்த ஹூண்டாய்

எமிலியானா அந்தச் சின்ன வெள்ளை ஹூண்டாயை வாங்கி மாதங்கள் ஓடிவிட்டன. அவளுடைய கணவன் ஸ்ரான்லி மட்டும் அதை இன்னும் கார் என்று ஒத்துக்கொள்ளவில்லை. "உன்ரை டப்பா" என்றுதான் சொல்லுவான்.

இத்தாலியில், பலேர்மோ நகரின் சீசாப் பகுதியில் அவர்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்வீட்டு ஆசிரியை மிலானில் இருக்கும் மகனிடம் போகும்போது எமிலியானாவுக்கு விற்றுவிட்டுப் போன கார் அது. பழசுதான். ஆனால் அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகவும் வரவும் மட்டுமே ஓட்டியதால் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. மொண்டெல்லோவில் வேலை செய்யும் வீட்டுக்கு வெயிலிலும் மழையிலும் பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போன எமிலியானாவுக்கு அது பெரிய விடுதலை. கடற்கரை வீதியில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும்போது, மன்னாரை விட்டு வந்த இத்தனை வருசத்தில் தன் இஷ்டத்துக்குத் திரும்பவும் நிற்கவும் முடிவது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றும்.

ஸ்ரான்லிக்கு அதெல்லாம் காதில் ஏறாது. "கொரியன் கார் எண்டால் அமெரிக்காவிலை சிரிப்பினம். றோபேட் அண்ணை சொன்னவர்" என்பான்.

றோபேட் என்பவர் ஸ்ரான்லியின் பெரியப்பாவின் மகன். எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவுக்குப் போய் நியூ ஜேர்சியில் குடியேறியவர். கார்க் கொம்பனி ஒன்றில் பெரிய வேலை என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஸ்ரான்லி பலேர்மோவுக்கு வந்த புதிதில் தொலைபேசி அட்டை சுரண்டி அவரோடு கதைப்பான். அப்போது அவர் சொன்ன பகிடி ஒன்றை இன்றுவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்: ஹூண்டாய்க் காரின் விலையை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் அதன் தாங்கியைப் பெற்றோலால் நிரப்பினால் போதும்.

அந்த றோபேட் அண்ணை ஒரு சனிக்கிழமை பலேர்மோவுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. உல்லாசக் கப்பல் காலையில் துறைமுகத்தில் நிற்கும், மாலையில் போய்விடும். கூட ஃபிராங் என்றொரு அமெரிக்க நண்பரும் வருகிறாராம். பகல் சாப்பாடு தம்பி வீட்டில்.

"அவரை உந்த டப்பாவிலை ஏத்தேலாது. மானம் போயிடும்" என்றான் ஸ்ரான்லி.

அவன் வேலை செய்யும் வீட்டு வழக்கறிஞரிடம் பெரிய கறுப்புக் கார் ஒன்று இருந்தது. அவரை ஏற்றி இறக்குவதும் அவன்தான். அவர் நாப்போலிக்குப் போயிருந்ததால் போனில் கேட்டான். அவரும் பெருந்தன்மையாகச் சரி என்றுவிட்டார். ஸ்ரான்லி அதோடு நிற்கவில்லை. சனி காலையில் எமிலியானா சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்க்கிறாள், அவளுடைய கார் நீலத் தறப்பாள் ஒன்றால் தலை முதல் கால் வரை மூடிக் கட்டியிருக்கிறது.

"இதென்னப்பா, செத்தவீடு மாதிரி?"

"அண்ணை போகேக்கை அவிட்டு விடுறன். ஒருநாள் பொறு."

எமிலியானாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விருந்து நாளில் சண்டை வேண்டாமென்று நினைத்தாள். "உங்கடை அண்ணை, உங்கடை மரியாதை. எனக்கு நண்டு உடைக்கக் கிடக்கு" என்று உள்ளே போனாள். இங்கிலீசு கதைக்க ஆள் வேண்டுமென்று மகள் மரியாவையும் கூட்டிக்கொண்டு ஸ்ரான்லி துறைமுகத்துக்குப் புறப்பட்டான்.

நண்டுக் கறி இறங்கி, கணவாய் பொரிந்து, சோறும் வெந்துவிட்டது. போன் அடித்தது. மரியா.

"மம்மா, புளொக்காத்தி! நாங்கள் கபோவுக்குள்ளை மாட்டிப்போனம்."

"கபோச் சந்தைக்குள்ளை என்னத்துக்குப் போனனியள்?"

"பெரியப்பா சந்தை பாக்கோணும் எண்டார். பாப்பா நடந்து போவம் எண்டு சொல்லேல்லை, காரிலையே விட்டிட்டார். முன்னாலையும் போகேலாது, பின்னாலையும் போகேலாது. கதவும் திறக்கேலாது, மம்மா. எல்லாரும் கத்தினம்."

பின்னணியில் ஆட்கள் கத்துவது உண்மையிலேயே கேட்டது. எமிலியானா அடுப்பை நிறுத்தினாள். கீழே இறங்கி, தறப்பாளின் கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் மரக்கறிக் கத்தியால் அறுத்தாள். வழக்கறிஞரின் காரும் நியூ ஜேர்சி மரியாதையும் எப்படியும் போகட்டும், சாப்பிட வந்த மனிசர் பசியோடு கப்பல் ஏறக்கூடாது.

கபோவின் ஒடுங்கிய தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். சிவப்புப் படங்குகளுக்குக் கீழே தக்காளியும் கத்தரிக்காயும் குவிந்து கிடக்க, அவள் ஹோர்னை அடித்துக்கொண்டு, "பெர்மெஸ்ஸோ, பெர்மெஸ்ஸோ" என்று வழி கேட்டுக்கொண்டு ஊர்ந்தாள். ஒரு வளைவு தாண்டியதும் கண்டாள். வலப்பக்கம் மீன்கடை, இடப்பக்கம் ஒலிவ் பீப்பாய்கள், நடுவில் போத்தல் வாயில் அடைத்த தக்கை போலக் கறுப்புக் கார். பின்னால் ஒரு முச்சில்லு லாப்பா வண்டி நிறையக் கூனைப்பூ. சுற்றி நின்ற ஆளுக்காள் ஒவ்வொரு யோசனை சொன்னார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஸ்ரான்லி வியர்த்துப்போய் இருந்தான்.

எமிலியானா தன் காரை அவனுக்கு நேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சின்னக் கார், இரண்டு பக்கமும் இடம் விட்டு நின்றது.

லாப்பாக்காரன் கொஞ்சம் பின்னுக்குப் போக, கறுப்புக் காரின் பின்கதவு மேலே எழும்பியது. முதலில் மரியா குதித்தாள். பிறகு நரைத்த மீசையோடு றோபேட். கடைசியாக ஆறடிக்கு மேலே உயரமான ஃபிராங் கால், முதுகு, தலை என்று வரிசையாக வெளியே வந்தபோது சந்தை கைதட்டியது. மூவரும் மீன்கடைக்குள் புகுந்து, ஒரு வாள்மீன் தலையைச் சுற்றி, முன்பக்கத்தால் வந்தார்கள்.

றோபேட் ஹூண்டாயைக் கண்டார். அப்படியே நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒலிவ் பீப்பாயில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஃபிராங்கின் முதுகில் தட்டிக் காரைக் காட்ட, அவரும் சேர்ந்துகொண்டார்.

எமிலியானாவுக்கு உச்சியில் சூடேறியது.

"அத்தான், சிரிச்சு முடிஞ்சால் ஏறுங்கோ. நண்டு ஆறுது."

"ஐயோ பிள்ளை, கோவிக்காதை" என்று றோபேட் கண்ணைத் துடைத்தார். "உன்ரை மனிசன் துறைமுகத்திலையிருந்து ஒரே கதை. 'அண்ணை, இஞ்சை கொரியன் கார் ஒண்டும் ஆக்கள் வாங்கிறேல்லை'யாம். நானும் வாயைத் திறக்கேல்லை. இருபத்தைஞ்சு வருசம் நான் வித்ததே ஹூண்டாய் தானேயடி!"

கறுப்புக் காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஸ்ரான்லியின் வாய் திறந்தபடி நின்றது.

றோபேட் அதற்குள் காரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, குனிந்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த இலக்கத்தை மூக்கு முட்ட வாசித்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"எம், ஏ, எல் எண்டு தொடங்குது. பிள்ளை, இது எங்கை செய்த கார் தெரியுமோ?"

"கொரியாவிலை."

"இல்லை. சென்னையிலை. அந்தக் காலம் இந்தச் சின்னக் கார்களை அங்கை செய்துதான் ஐரோப்பாவுக்குக் கப்பல்லை அனுப்பினவங்கள். இதின்ரை திருகாணியை முறுக்கினவன் தமிழன்."

எமிலியானா காரைப் பார்த்தாள். வெள்ளைக் காரும் அவளை முன்விளக்கு விரியப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப இவ்வளவு நாளும் நான் இதோடை இத்தாலியனிலை கதைச்சது பிழை" என்றாள்.

மீன்கடைக்காரர் தோத்தோவுக்கு மரியா விசயத்தை மொழிபெயர்த்தாள். ஹூண்டாய் தானே உருவாக்கிய முதல் காரின் வடிவத்தைக் கீறிக் கொடுத்தது தூரினில் இருந்த ஓர் இத்தாலியர் என்பதையும் றோபேட் சொல்லச்சொன்னார். தோத்தோ தோளைக் குலுக்கினார். "வடக்கான் கீறியிருக்கிறான். பலேர்மோக்காரனிடம் கேட்டிருந்தால் அமெரிக்காக்காரன் முதல் நாளே சிரிப்பை நிறுத்தியிருப்பான்" என்றார்.

ஃபிராங்கை முன்னால் மடித்து வைத்து, மற்ற இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, எமிலியானா வந்த வழியே பின்பக்கமாக ஓட்டினாள். தக்காளிப் பெட்டி, பிள்ளை வண்டி, இரண்டு நாய், எதிலும் படவில்லை. வளைவில் ஃபிராங் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய தெருவில் ஏறியதும் அவர் ஏதோ சொன்னார். "மம்மா, உங்களுக்கு நியூ ஜேர்சியிலை வேலை தரலாமாம்" என்றாள் மரியா.

சாப்பாட்டு மேசையில் றோபேட் நண்டுக் காலைக் கடித்தபடி கதையை அவிழ்த்தார். அமெரிக்காவில் ஹூண்டாய் வந்து இறங்கியது எண்பத்தாறில். ஐயாயிரம் டொலருக்குள் புதுக் கார். "என்னைப் போலை கையிலை ஒண்டுமில்லாமல் வந்தவனுக்கு அது லொத்தர். முதல் வருசமே லட்சத்துக்கு மேலை போச்சுது. பிறகு பேர் கெட்டுது. மலிவான சாமான் எண்டு டிவியிலை பகிடி, வேலையிடத்திலை பகிடி. ஹூண்டாயிலை போய் இறங்க ஆக்கள் வெக்கப்பட்டவை."

"பிறகு?" என்றாள் எமிலியானா. சோற்றுக் கரண்டி கையிலேயே இருந்தது.

"தொண்ணூறுகளின்ரை கடைசியிலை கொம்பனி ஒரு சூது விளையாடினது. எஞ்சினுக்கும் கியருக்கும் பத்து வருசம், லட்சம் மைல் வாரண்டி. அப்பிடி அங்கை ஒருத்தரும் குடுக்கேல்லை. அப்பதான் நான் விக்கப் போனனான். வாறவன் எல்லாம் உள்ளுக்கை சிரிச்சுக்கொண்டுதான் வருவான். அதாலை நானே முதல் பகிடியைச் சொல்லிவிடுவன். பெற்றோல் அடிச்சால் விலை ரெண்டு மடங்கு எண்டு. அவன் சிரிச்சு முடிச்சாப் பிறகு, 'சரி, பத்து வருசம் நாங்கள் பொறுப்பு, நீ சொல்லு' எண்டுவன். சிரிச்ச வாய் மூட முந்திக் கையெழுத்து வைப்பான்."

ஃபிராங் கையை உயர்த்தினார். அந்தச் சிரிச்ச வாய்களில் ஒன்று தன்னுடையது என்று அவர் சொன்னதை மரியா தமிழாக்கினாள். அமெரிக்கக் கார் தவிர வேறு எதிலும் ஏறாத குடும்பமாம். அவர் வாங்கிக்கொண்டு போனபோது அவருடைய தகப்பன் அதை வீட்டு வளவுக்குள் விட மறுத்து, தெருவிலே நிறுத்தச் சொன்னாராம்.

"எங்கடை வீட்டிலை தறப்பாள் போட்டு மூடினவர்" என்றாள் எமிலியானா. மரியா அதை இங்கிலீசில் சொன்னதும் ஃபிராங்குக்குக் கணவாய் புரையேறிவிட்டது.

"பிறகு இரண்டாயிரத்து ஒன்பது" என்று றோபேட் தொடர்ந்தார். "அங்கை வேலையெல்லாம் போன நேரம். கார் வாங்கச் சனத்துக்குப் பயம். அப்ப ஹூண்டாய் சொன்னது, வாங்கிப்போட்டு வேலை போனால் காரைத் திருப்பிக் கொண்டு வா எண்டு. அதைக் கேட்டுத்தான் ஃபிராங்கின்ரை அப்பா வந்தார். தெருவிலை விடச் சொன்ன அதே மனிசன். அந்த வருசம்தான் ஹூண்டாய்க் கார் ஒண்டு வட அமெரிக்காவின்ரை அந்த வருசக் கார் எண்டும் பேர் எடுத்தது. கிழவன் பேப்பரை வெட்டிக் கொண்டந்து என்ரை மேசையிலை ஒட்டினார்."

அந்த நேரத்தில் கதவு திறந்தது. ஸ்ரான்லி. மீன்கடைப் பலகைகளைத் தோத்தோவின் ஆட்கள் தூக்கி நகர்த்தி அவனை வெளியே எடுத்திருக்கிறார்கள். காரை வழக்கறிஞரின் கராஜில் பத்திரமாக விட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறான். சட்டை முழுக்க மீன் வாசம். எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"அண்ணை, அப்ப நீங்கள் எனக்குப் போனிலை சொன்ன பகிடி?"

"முழுக்கக் கேட்டனியோ?"

ஸ்ரான்லி யோசித்தான். "பெற்றோல் வரைக்கும் கேட்டனான். பிறகு போன் காட் முடிஞ்சு போச்சு."

றோபேட் மேசையில் அடித்தடித்துச் சிரித்தார். "வாரண்டியைக் கேக்காமல் இவ்வளவு வருசம் பகிடியை மட்டும் வைச்சிருந்திருக்கிறான், பாவி!"

முதலில் ஸ்ரான்லியின் முகம் சிவந்தது. பிறகு அவனுக்கே அடக்க முடியவில்லை. கண்ணீர் வரச் சிரித்துவிட்டு எமிலியானாவின் பக்கம் திரும்பினான். "எனக்குக் கொஞ்சம் நண்டு வைச்சிருக்கிறியோ, இல்லாட்டி நான் தெருவிலையோ?"

"இண்டைக்கு உள்ளை விடுறன்" என்று அவள் பெரிய நண்டாக எடுத்து அவன் கோப்பையில் போட்டாள்.

மாலையில் துறைமுகத்துக்கு எமிலியானாதான் ஓட்டினாள். ஸ்ரான்லி பின்னால், அண்ணனுக்கும் மகளுக்கும் நடுவில் நெரிபட்டுக்கொண்டு வந்தான். கப்பல் வாசலில் ஃபிராங் காரின் முன்னால் முழங்காலில் நின்று படம் எடுத்துக்கொண்டார். றோபேட் எமிலியானாவின் தலையில் கைவைத்து, "கவனமா ஓடு பிள்ளை. பயப்பிடாமலும் ஓடு" என்றார். இருவரும் ஏணிப்படியில் ஏறிக் கைகாட்டினார்கள்.

கப்பல் விலகியபின் மூவரும் காருக்குத் திரும்பினார்கள். வீட்டில் கழுவாத பாத்திரம் மலைபோலக் கிடந்தது. எமிலியானா சாவியைத் திருகிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"மொண்டெல்லோவுக்குப் போவமோ? ஜெலாத்தோ ஐஸ்கிரீம் குடிக்கலாம்."

"இப்பவோ?" என்றான் ஸ்ரான்லி.

"ஓம் மம்மா, போவம்! அந்தியாமோ!" என்று மரியா கத்தினாள்.

ஸ்ரான்லி முன் இருக்கையில் ஏறி, பட்டியை இழுத்து மாட்டி, கண்ணாடியைக் கடைசி வரைக்கும் இறக்கினான். "பிஸ்தாச்சியோ எண்டால் வாறன்" என்றான். எமிலியானா கடற்கரை வீதிப் பக்கம் காரைத் திருப்பினாள்.