பயிற்றுநர் கதிரையில் ஹிபா

தாரிகா மூன்று முறை தேசியச் சம்பியனாக வந்தவள். இருபத்தேழு வயதில், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, தேசியப் போட்டியின் பெண்கள் ஒற்றையர் பட்மின்டனுக்கு மறுபடி பெயர் கொடுத்தாள்.

முந்தின வருஷம் மாலைதீவில் நடந்த ஒரு போட்டியில், பின்மூலைக்குப் போன ஷட்டிலை எட்டி அடிக்கப்போய்க் கால் மடங்கி விழுந்திருந்தாள். முழங்காலுக்குள் மூட்டைப் பிணைக்கும் லிகமென்ட் அறுந்துவிட்டது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்த வீட்டிலிருந்து படியிறங்கப் பழகவே இரண்டு மாதம் பிடித்தது. அந்த இடையில் அவளுடைய பயிற்றுநர் டுபாயில் வேலை கிடைத்துப் போனார். அவருக்கும் குடும்பம் இருக்கிறதே என்று நினைத்தாளே தவிர, குறை சொல்ல மனம் வரவில்லை. காலையில் பஸ் பிடித்து இரத்மலானையிலுள்ள மண்டபத்துக்குப் போய், அவர் கைபேசியில் அனுப்பும் குறிப்புகளைப் பார்த்துத் தனியாகவே பயிற்சி செய்தாள்.

அப்படியே அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டாள். எதிரே றேணுகா. பத்தொன்பது வயது, களைக்கவே களைக்காத கால்கள். முதல் ஆட்டத்தை அவள் 21–12 என்று சுலபமாக எடுத்துக்கொண்டாள்.

ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு நிமிடம் உண்டு. பயிற்றுநர்கள் கோர்ட்டுக்குள் வந்து கதைக்கலாம். றேணுகாவைச் சுற்றி இரண்டு பேர் நின்றார்கள். தாரிகாவின் பக்கத்துக் கதிரையில் யாருமில்லை. அவள் துவாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது முன்னால் ஹிபா நின்றாள்.

கொட்டாஞ்சேனை ஹிபாவைத் தாரிகா ஏழு வருஷமாக அறிவாள். ஒன்பது முறை மோதி, ஒன்பது முறையும் வென்றிருந்தாள். ஆனாலும் இருவரும் இருந்து கதைத்தது கிடையாது. முந்தின நாள் காலிறுதியில் இதே றேணுகாவிடம் தோற்றுப்போன ஹிபா, இன்று மண்டபத்துக்கு வரவேண்டிய தேவையே இல்லை. வந்தவள், போட்டிக்குப் பொறுப்பாக நின்றவரிடம் சிங்களத்தில் கதைத்து, தாரிகாவின் பயிற்றுநராக இருக்க அனுமதி வாங்கியிருந்தாள்.

“அவ ஒங்கட இடது பின்மூலைக்கே அடிக்கிறா,” என்றாள் ஹிபா. “நீங்க காலுக்குப் பயந்து அரைவாசித் தூரம்தான் போறீங்க. முழுசாப் போங்க. கால் தாங்கும்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“மூணு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒருக்காக் கூட அது ஒங்களக் கைவிடல்ல. நீங்கதான் அத நம்பாம இருக்கீங்க.”

றேணுகாவுக்கு வலைக்கு அருகே பொறுமை போதாது என்றும், தான் அதைக் கண்டுபிடிப்பதற்குள் தன் ஆட்டம் முடிந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டு ஹிபா கதிரையில் போய் உட்கார்ந்தாள்.

தாரிகா இடது மூலைக்கு முழுசாகப் போனாள். முதல் தடவை பயந்துகொண்டே ஊன்றினாள். கால் தாங்கியது. நாலாவது, ஐந்தாவது தடவைக்குப் பிறகு காலைப்பற்றி நினைக்கவே மறந்துபோனாள். ஷட்டிலை வலையோரம் மெல்ல மெல்ல விழுத்த, றேணுகா அவசரப்பட்டு வலைக்குள்ளேயே அடித்தாள். இரண்டாவது ஆட்டம் 21–17. மூன்றாவது இழுபட்டுப் போய், 22–20 என்று தாரிகாவுக்கு முடிந்தது.

வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் தாரிகா கேட்டாள்: “ஏன் எனக்காக வந்தனீங்கள்?”

ஹிபா பக்கத்தில் உட்கார்ந்தாள். “போன வருஷம் நான்தானே சம்பியன். கப்ப வீட்டுக்குக் கொண்டு போனேன், எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எனக்கு ருசிக்கல்ல. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க. ஒங்கள வெல்லத்தானே நான் இவ்வளவு காலம் ஓடினது.”

தாரிகாவுக்கு நன்றி என்ற சொல் அந்த இடத்துக்குச் சின்னதாகத் தெரிந்தது. என்றாலும் வேறு சொல் கிடைக்காததால் அதையே இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் இறுதியாட்டத்தில் அவள் தோற்றாள். ஆனாலும் தேசியக் குழுவில் மறுபடி இடம் கிடைத்தது. அடுத்த கிழமையிலிருந்து இரத்மலானை மண்டபத்தில் இருவரும் சேர்ந்தே பயிற்சி செய்தார்கள். தனியாக ஆடி ஆடிக் கண்ணுக்குப் படாமல் போன பிழைகளையெல்லாம் ஹிபா தயங்காமல் எடுத்துச் சொன்னாள். தாரிகாவும் விடவில்லை, ஹிபா சேர்விஸ் போடுமுன் தோளை இறக்குவதைக் காட்டி, அதனால்தான் இத்தனை வருஷமும் அவள் எங்கே அடிப்பாள் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்தது என்று ஒத்துக்கொண்டாள். அதைக் கேட்டு ஹிபா ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு கழகப் போட்டியில், ஹிபா அவளை முதல் தடவையாக வென்றாள். தோல்வி தாரிகாவுக்கு வலிக்கத்தான் செய்தது. வலிக்கவில்லை என்று நடிக்க அவளுக்கு வராது. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு, வீட்டாரிடம் ஒவ்வொரு புள்ளியாகத் தொலைபேசியில் ஒப்புவித்த ஹிபாவின் முகத்தைப் பார்த்தபோது, மாலைதீவோடு முடிந்துபோயிருக்க வேண்டிய விளையாட்டில் இன்னும் தோற்கவாவது தனக்குக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று நிறைவாக இருந்தது. வெள்ளவத்தையில் ஹிபாவையும் இழுத்து இறக்கி, வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள்.