இருக்கைக்கு அடியில் ஒரு திருகு

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சின்னி டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை தொம்மென்று கீழே போய் அடித்தளத்தில் முட்டியது. முட்டாமல் என்ன செய்யும்? அதுவரை அதில் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர் அவளுடைய வீட்டுக்காரர். நனைத்து நிறுத்தாலும் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டாத மனிதர். டிப்போவில் அவருக்கு ஆன்டெனா என்று பெயர். இவள் தொண்ணூற்றிரண்டு. கல்யாணத்தின்போது இருந்த உடம்புக்கு அவர் வைத்த செல்லப்பெயர்தான் சின்னி. உடம்பு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அந்த இருக்கைக்கு அடியில், வலது பக்கம், கறுப்பாக ஒரு திருகு இருக்கிறது. ஐம்பதிலிருந்து நூற்றிமுப்பது வரைக்கும் எண் போட்டிருக்கும். ஓட்டுகிறவரின் எடைக்கு அதைத் திருப்பி வைத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதற்கேற்பத் தாங்கும், மேடு பள்ளத்தில் முதுகெலும்பு பிழைக்கும். காலை ஐந்து மணிக்கு அவர் ஏறி இடப்பக்கம் திருகுவார். மதியம் இரண்டு மணிக்கு இவள் ஏறி வலப்பக்கம் திருகுவாள். பதினோரு வருஷமாக ஒரே வண்டி, ஒரே ரூட், ஒரே இருக்கை. இறங்கும்போது அடுத்தவருக்காகத் திருகி வைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ஒருநாளும் தோன்றியதில்லை. அதனால் தினமும் இவளுக்குத் தொம். அவருக்கோ அதிகாலையில் பலகையில் உட்கார்ந்த மாதிரி ஒரு விறைப்பு.

காலை ஒருவர், மாலை ஒருவர் என்று ஷிஃப்டைப் பிரித்துக்கொண்டதே மகளுக்காகத்தான். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா? அந்தப் பிள்ளை படித்து முடித்து, வேலை கிடைத்து, ஆறு மாதத்துக்கு முன்னால் வேறு ஊருக்குப் போய்விட்டது. கதவு திறக்க யாரும் தேவையில்லை. ஆனால் ஷிஃப்ட் மட்டும் அப்படியே. இவள் பதினொன்றரைக்கு வீடு திரும்பும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவர் நாலு மணிக்கு எழுந்து போகும்போது இவள் சுவரைப் பார்த்துப் புரண்டு படுப்பாள். குடும்பம் நடப்பதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில். 'பால் இல்லை.' 'பாத்ரூம் குழாய் சொட்டுது. நீ தொடாதே.' 'மக போன் பண்ணினா, நல்லா இருக்காளாம்.' நேரில் பார்ப்பது வண்டி கைமாறும் அந்தப் பத்து நிமிடம்தான். அதிலும் பாதி, பிரேக் இழுக்கிறதா, வைப்பர் வேலை செய்கிறதா என்பதிலேயே போய்விடும். ஷிஃப்ட் மாற்றக் கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். இரண்டு தடவையும் ஒரே பதில்: காலையில் இடம் இல்லை.

இந்த நிலையில்தான் டிப்போ மேனேஜர் எடைக் குறைப்புப் போட்டி அறிவித்தார். வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் பாதிப் பேருக்கு மேல் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டாராம். எட்டு வாரம். யார் அதிகக் கிலோ இறக்குகிறாரோ அவருக்குப் பரிசு. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளைச் சின்னி எட்டிப் பார்த்தாள். 'ஒரு வருஷத்துக்கு விரும்பிய ஷிஃப்ட்.' அதற்குமேல் அவள் படிக்கவில்லை. 'அல்லது விரும்பிய ரூட்' என்று அடுத்த வரி இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. நானும் காலை ஷிஃப்ட் வாங்கிவிட்டால், இரண்டு பேரும் மூன்று மணிக்கு ஒன்றாக வீட்டில்! ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடலாம். சண்டை போடலாம். சண்டை போட்டே எத்தனை மாதமாகிறது!

முதல் நாள் எடை எடுத்த கூத்தைச் சொல்ல வேண்டும். பார்சல் நிறுக்கும் மெஷினை ஷெட்டின் நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஆரம்ப எடை கூடுதலாகக் காட்டினால்தானே பிறகு குறைத்துக் காட்ட முடியும்? அதனால் போட்டியில் பெயர் கொடுத்த இருபத்து மூன்று பேரும் காலையிலிருந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, நடந்தால் உள்ளே குலுங்கும் நிலையில் வந்து நின்றார்கள். டயர் செக்‌ஷன்காரர் ஒருவர் உண்டு, ஆளும் டயர், பெயரும் டயர். அவர் ஏறியதும் மெஷினில் நூற்றுப் பத்து வந்தது. கணக்குப் பார்த்து எழுதும் டைம்கீப்பருக்குச் சந்தேகம் வந்து பாக்கெட்டைக் காலி பண்ணச் சொன்னார். ஏழு நட்டு, நாலு போல்ட்டு, ஒரு ஸ்பேனர்.

"என்னப்பா இது?"

"வேலை நேரம் சார். டூல்ஸ் இல்லாம எப்படி இருக்கிறது?"

நூற்றெட்டு என்று எழுதினார்கள். சின்னிக்குத் தொண்ணூற்றிரண்டு நானூறு.

முதல் வாரம் சர்க்கரை போடாத டீ. இரண்டாவது வாரம் டீயே இல்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். மற்ற டிரைவர்கள் கால் நீட்டும் அந்த நேரத்தில் இவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து ஒரு பயணி கூடவே குனிந்து தேடினார். அவித்த முட்டை, வெள்ளரிக்காய், மறுபடியும் வெள்ளரிக்காய். வெள்ளரிக்காயைக் கனவில் கண்டு திடுக்கிட்டு எழுந்த பெண் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவளுக்குப் பறக்காமல் நின்றது ஒன்றே ஒன்று, மூன்று மணி வீடு.

வெள்ளிக்கிழமைதோறும் பட்டியல் ஒட்டுவார்கள். மூன்றாவது வாரம் எட்டாம் இடம். ஐந்தாவது வாரம் மூன்றாம் இடம். அன்று தாளைப் பார்த்தவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தனக்குத் தானே சிரித்தாள். ஆறாவது வாரம் டயருக்கு அடுத்து இவள்தான். ஷெட்டில் இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. மெக்கானிக்குகள் டயர் பக்கம், டிக்கெட் கவுன்டர் பெண்கள் முழுக்க சின்னியக்கா பக்கம். டயரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவருக்கு எப்போதும் ராத்திரி வேலை. வீட்டில் மூன்று மாத இரட்டைக் குழந்தை. பகல் ஷிஃப்ட் கிடைக்காவிட்டால் பெண்டாட்டி வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

வீட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திருகு தொண்ணூறுக்கு வந்தது, எண்பத்தேழுக்கு வந்தது, எண்பத்துநாலுக்கு வந்தது. தினமும் காலையில் ஐந்து மணிக்கு இருட்டில் அந்த எண்ணிலிருந்து தன் எண்ணுக்குத் திருகுகிறவர் அவர்தானே, தெரியாமலா இருக்கும்? முன்பு முப்பத்தேழு கோடு திருப்ப வேண்டியிருந்தது, இப்போது முப்பதுகூட இல்லை. ஒரு வார்த்தை கேட்டால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று இவளுக்கு ஆற்றாமையாக வந்தது. ஏழாவது வாரம், வண்டி கைமாறும்போது, சாவியைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"செஞ்சு வச்ச சோறு அப்படியே இருக்கு."

"போட்டி முடியட்டுங்க."

"எல்லாம் காலை ஷிஃப்டுக்குத்தானே?"

"ஆமா."

அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "நான் தூங்குற நேரத்துல நீ வர்ற, நீ தூங்குற நேரத்துல நான் போறேன். கிடைச்சா நல்லாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏழு வாரத்தில் போட்டியைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். சின்னிக்கு அதுவே போதும், அன்று மாலை முழுக்க சிக்னலெல்லாம் அவளுக்காகவே பச்சையாக விழுந்தது போல இருந்தது.

கடைசி நாளுக்கு முதல் நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து மெஷினில் ஏறிப் பார்த்தாள். எண்பத்தொன்று இருநூறு. ராத்திரியிலிருந்து தண்ணீரை நிறுத்தினால் எண்பத்தொன்றுக்குக் கீழே போய்விடும். மறுநாள் காலையில் ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு இருந்தது: 'எடை பாத்ததும் முதல்ல தண்ணி குடி. குடிக்காம வண்டிய எடுத்தா நானே ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பேன்.' அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு, குதித்தால் பறந்துவிடலாம் போலிருந்தது.

மதியம் ஒன்றரை மணிக்கு ஷெட்டில் நிற்க இடமில்லை. ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். டயர் கடைசிக்கு முந்தி ஏறினார். பெல்ட்டைக் கழற்றினார், வாட்சைக் கழற்றினார், யோசித்துவிட்டு மோதிரத்தையும் கழற்றினார். தொண்ணூற்றாறு அறுநூறு. பதினோரு கிலோ நானூறு! மெக்கானிக்குகள் ஸ்பேனரால் பக்கெட்டைத் தட்டினார்கள். சின்னி மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். எண்பத்தொன்றுக்குக் கீழே ஒரு கிராம் வந்தாலும் ஜெயம். நிச்சயம் வரும். அவளுக்கு அவள் உடம்பு தெரியாதா?

டைம்கீப்பர் தாளில் கோடு போட்டுக்கொண்டே, "ஜெயிச்சா என்னம்மா கேக்கப் போற?" என்றார்.

"காலை ஷிஃப்ட் சார்."

"நல்லது. அப்போ ஆன்டெனா சாயங்காலத்துக்கு வந்துருவார்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ விட்டுட்டு வர்ற இடத்தை யாராவது ஓட்டணுமில்ல. அந்த வண்டியில காலையில ஓட்டுறவர்தான் மாறிக்கணும். ஜோடி மாத்துறதுன்னா அதாம்மா ரூல். எட்டு வாரம் பட்டினி கிடந்தியே, இதைப் படிக்கலையா?"

சின்னி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இவள் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பாள், அவர் பதினொன்றரைக்கு வந்து கதவைத் தட்டுவார். அதே ஃபிரிட்ஜ், அதே சீட்டு, கையெழுத்து மட்டும் இடம் மாறும். பதினோரு கிலோ! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடத் தண்ணீர் இல்லை.

"ரெண்டு பேரும் சேந்து ஓட்டுற மாதிரி எதுவுமே இல்லையா சார்?"

"ஏன் இல்லாம? தூரத்து வண்டி இருக்கே. சாயங்காலம் கிளம்பி விடியறப்போ போய்ச் சேரும், ரெண்டு டிரைவர் கட்டாயம். மூணு மாசமா ஆள் கேட்டுத் தாள் ஒட்டியிருக்கேன், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. உனக்கு வேணுமா? அதுக்கெல்லாம் பரிசு எதுக்கு, எழுதிக் கொடுத்தா திங்கக்கிழமையே ஏறிக்கலாம்."

சின்னி திரும்பிப் பார்த்தாள். அறிவிப்புப் பலகையில், போட்டித் தாளை ஒட்டினாற்போல, ஓரம் சுருண்ட ஒரு மஞ்சள் தாள். எட்டு வாரமாக அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் அவள் பட்டியலையே பார்த்திருக்கிறாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இவள் கதைதான். மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்த வண்டியை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. இப்போது வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?

"அக்கா, ஏறுங்க. மணியாகுது" என்றாள் கவுன்டர் பெண்.

ஏறினால் ஜெயிக்கலாம். ஆசை இல்லாமல் இல்லை. பக்கத்தில் டயர் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு லிட்டர் பாட்டில், நிறையத் தண்ணீர், வெளிப்புறத்தில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"டயர் அண்ணே, இதை எடுத்துக்கட்டுமா?"

அவர் கண்ணைத் திறப்பதற்குள் மூடியைத் திறந்துவிட்டாள். கவுன்டர் பெண்கள், "ஐயோ, ஒரு லிட்டர்னா ஒரு கிலோக்கா" என்று ஓடி வந்தார்கள். சின்னி நிறுத்தவில்லை. அண்ணாந்து, கழுத்து வழியாக வழிய வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். உலகத்தில் தண்ணீருக்கு இவ்வளவு ருசி உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பிறகு மெஷினில் ஏறினாள். எண்பத்தொன்று முந்நூறு. பதினோரு கிலோ நூறு. முந்நூறு கிராமில் தோற்றாள். டயர் அவளைப் பார்த்தார், காலிப் பாட்டிலைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பேனா குடுங்க சார்" என்றாள் சின்னி. மஞ்சள் தாளில் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, கேட்காமல் கொள்ளாமல், வீட்டுக்காரர் பெயரையும் எழுதினாள்.

வண்டி வந்து நின்றிருந்தது. வழக்கமாகக் கதவுக்குக் கீழே சாவியோடு நிற்கும் மனிதரைக் காணோம். சாவி வண்டியிலேயே தொங்கியது. ஏறி, பழக்கத்தில் முதுகை விறைத்துக்கொண்டு, தொம்முக்குத் தயாராக உட்கார்ந்தாள். இருக்கை மெதுவாக ஒரு கை அளவு இறங்கி, அவளைத் தாங்கிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தாள். திருகு எண்பதில் இருந்தது.

"தண்ணி குடிச்சியா?" பின்னாலிருந்து குரல் வந்தது. டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில், மடியில் சோற்று டப்பாவோடு அவர்.

"குடிச்சுத்தான் தோத்தேன். வீட்டுக்குப் போகலையா?"

"ஜெயிச்சா கூட இருக்கணும்னு பாத்தேன். தோத்தாலும் இருக்கலாமில்ல."

பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சின்னி முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டு டிரைவர் வண்டிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். உங்க பேரையும் சேத்து. உங்களைக் கேக்கல."

அவர் மடியிலிருந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி நடுவழியில சீட்டு மாறணுமே" என்றார். "திருகை யார் திருகுறது?"

அவள் கதவை மூடினாள். வண்டி டிப்போ வாசலைக் கடந்து சாலையில் திரும்பியது. உள்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள், அந்த முதல் இருக்கை தெரியும்படி. மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் நாலு மணிக்கு எழுந்த மனிதர் தூங்கிப்போயிருந்தார், தலை ஜன்னலில் சாய, வாய் லேசாகத் திறந்திருக்க, இரண்டு கையும் டப்பாவை விடாமல் பிடித்திருக்க. எதிரில் வேகத்தடை வந்தது. சின்னி காலைத் தளர்த்தி, முன் சக்கரம் ஏறியதும் தெரியாமல், பின் சக்கரம் இறங்கியதும் தெரியாமல், வண்டியை அதன்மேல் நகர்த்தினாள்.