தாத்தாக் கல் எழுந்து நின்ற அரை மணிநேரம்

ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே சரிந்து கிடந்த தாத்தாக் கல், சென்ற வருடம் பெப்ரவரி போயா என்ற பௌர்ணமி விடுமுறையன்று காலை பத்தே காலுக்கு எழும்பத் தொடங்கி, பத்தே முக்காலுக்குப் படுத்து முடித்தது. அந்த அரை மணிநேரமும் அலவத்துகொட ஊர் நுஸ்ஹா அதன் மேல்தான் இருந்தாள்.

கல்லின் உயரம் நான்கு கயிற்று நீளம். செங்குத்து அல்ல, கூரைச் சரிவுதான். ஆனால் கையால் பிடிக்க ஒன்றும் கிடையாது, சப்பாத்து ரப்பரை நம்பி ஏற வேண்டும். நுஸ்ஹா கணக்கு டீச்சர், பாறையேற்றத்தில் எப்போதும் முன்னால் ஏறுபவள். அவளுடைய தம்பி ஹுதைபா, ஹார்ட்வெயார் கடைக்காரன், அவளுக்குக் கீழே, கல்லில் அறைந்த இரண்டு போல்ட்டில் தன்னைக் கட்டிக்கொண்டு அவளுடைய கயிற்றைப் பிடித்திருந்தான். மூன்றாவது கயிற்று நீளத்தில், கயிற்றை மாட்டிய கடைசி போல்ட்டைத் தாண்டிப் பன்னிரண்டு மீற்றர் போனபின் அவளுக்குப் பயம் பிடித்தது. பயந்தவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: நெஞ்சைக் கல்லோடு ஒட்டிப் படுத்துவிட்டாள். படுத்தால் பாரம் காலை விட்டுப் போகும், சப்பாத்து வழுக்கும். விழுந்தால் இருபத்தைந்து மீற்றர் உரசிக்கொண்டு வர வேண்டும்.

"தாத்தா, எழும்புங்க. படுக்க வாணாம்," என்று கத்தினான் ஹுதைபா.

முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். கல்லுக்கு அது தெரியாது. நூற்றைம்பது வருடமாகத் தோட்டத்துச் சனத்தின் தமிழையே கேட்டு வளர்ந்த கல் அது. இத்தனை மரியாதையாக எழும்பச் சொல்கிறார்களே என்று கொஞ்சம் எழும்பியது. நுஸ்ஹாவின் இடது கால் ஒரு சாண் வழுக்கியது. அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்த மடையன், இன்னும் சத்தமாகச் சொன்னான். கல் இன்னும் எழும்பியது. ஹுதைபா போல்ட்டில் தொங்கினான். மேலே நுஸ்ஹா, சாகுமுன் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினாள்.

கீழே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பாப்பம்மாதான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். "தம்பி, கல்லுக்கும் தாத்தான்னுதாங்க பேரு. நீங்கதான் எழுப்பிவிட்டுட்டீங்க," என்று அண்ணாந்து குரல் கொடுத்தாள்.

முப்பது வருடத்தில் ஒருநாளும் ஹுதைபா அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் பெற்ற உம்மா அவன் வாயில் மிளகாய் தேய்த்திருப்பார். ஆனாலும் கூப்பிட்டான்.

"நுஸ்ஹா, அசைய வாணாம்."

பிறகு கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, கல்லில் வாயை வைத்துச் சொன்னான். "தாத்தா, நீங்க படுங்க. மெதுவா. உங்கட மேல ஆள் இரிக்கி."

கல் படுத்தது. வயதானவர்கள் படுப்பதுபோல நிறைய நேரமெடுத்துப் படுத்தது. முடிந்தபோது நுஸ்ஹா, தரைபோல் மட்டமாகிவிட்ட கல்லில் குந்தி அழுதுகொண்டிருந்தாள். ஹுதைபா கயிற்றை விடாமலே அவளிடம் நடந்து போனான்.

இப்போது அதில் பாப்பம்மா துணி காயப்போடுகிறாள். போயா நாட்களில் அக்காவும் தம்பியும் நான்கே நிமிடத்தில் அதை நடந்து கடந்து அடுத்த பாறைக்குப் போகிறார்கள். அந்த இடத்தில் மட்டும் அவன் குரலைத் தாழ்த்தி, "நுஸ்ஹா, பாத்து வாங்க," என்கிறான். அவள் கோபிப்பதில்லை. தாத்தா தூங்குகிறார்.