முன்பனியில் ஒரு தாழ்ப்பாள்

அவளுக்கு ‘நிசப்தம்’ என்று பெயர் சூட்டியவர் பல் மருத்துவர். ஐக்கூ வட்டத்தில் சேர்ந்த மூன்று ஆண்டுகளில் அவள் பேசியதையெல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம் என்பது அவர் கணிப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. ஒவ்வொரு வில்லையையும் வாயால் ஊதி, படர்ந்த ஆவி மறையும்வரை காத்திருந்து, அதன்பின்னரே துடைப்பாள். கவிதையும் அவ்வாறே. கடைச் சீட்டின் பின்புறத்தில் மூன்று வரி எழுதி, ஒரு வாரம் பையில் வைத்திருந்துதான் வெளியில் எடுப்பாள்.

வட்டம் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு நூலகத்தின் மாடியில் கூடும். மொத்தம் எழுவர். தலைவர் அவளுடைய மாமனார். வானிலை அலுவலகத்தில் முப்பது ஆண்டு மழையளந்து ஓய்வு பெற்றவர். விதிகள் அவர் வகுத்தவை. கவிதையில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருத்தல் வேண்டும். சொல்லாமல் விட்டது ஒன்றும் இருத்தல் வேண்டும். இரண்டாவதை அவர்கள் மர்மம் என்பார்கள். பெயரிடாத சீட்டுகளை நூலகர் அம்மாள் கரும்பலகையில் எழுதுவார். எல்லாரும் கை தூக்கிய பின்னரே எழுதியவர் எழுந்து நிற்கலாம். மிகுதியான ஓட்டுப் பெற்றது ஆண்டுத் தொகுப்பின் முதற்பக்கத்தை அடையும்.

அவள் அன்று இட்ட சீட்டு முதற்பக்கத்தை நாடியதன்று. மூன்று வாரத்துக்கு முன், சட்டைக்கு இஸ்திரி சரியில்லை என்று அவள் கணவன் அவளைப் பால்கனியில் தள்ளி உள்ளே தாழிட்டான். போர்வைகூட இல்லாமல் இரண்டு மணி நேரம் பனியில் நின்றாள். அது நான்காம் முறை. கூடத்தில் செய்தி கேட்டுக்கொண்டிருந்த மாமனார், அவள் கதவைத் தட்டத் தட்ட, ஒலியைக் கூட்டினார். வெளியூர் சென்றிருக்கும் கணவன் மறுநாள் திரும்புகிறான். வாயால் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், கவிதையாகச் சொன்னால் கேட்பார், மகனிடம் ஒரு வார்த்தை பேசுவார் என்று அவள் நம்பியிருந்தாள்.

பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிட்டது.

*முன்பனிக் காலம்—*
*பால்கனிக் கதவின் உட்புறம்*
*தாழ்ப்பாள் விழும் ஓசை.*

“வெளிய யாருன்னு சொல்லவே இல்ல பாருங்க,” என்றார் பல் மருத்துவர். “அங்கதான் நிக்குது கவிதை.”

“பூனையா இருக்கும்,” என்றார் தையற்காரர். “எங்க வீட்டுப் பூனைய நான் அப்படித்தான் தள்ளிவிடுவேன்.”

“உமக்கு எதைப் பார்த்தாலும் பூனைதான்,” என்றார் பல் மருத்துவர். “ கள்ளக் காதலன் ஐயா அது. புருஷன் படியேறி வர்றான், அவ சட்டுனு வெளிய தள்ளிப் பூட்டிட்டா.”

“அப்ப நிக்கட்டும். சூடு தணியும்,” என்றார் தையற்காரர்.

மாடியே சிரித்தது.

“எனக்கென்னவோ செத்தவங்க நிக்கற மாதிரி தோணுது. உடம்பு சிலிர்க்குது,” என்றார் நூலகர் அம்மாள்.

மாமனாரின் பென்சில் நின்றுவிட்டிருந்தது. அவர் பார்வை பலகையிலிருந்து அவள் முகத்துக்கு வந்து, சுட்டுக்கொண்டதுபோல் விலகியது. “பருவம் பொருத்தம். வேற எதுவும் நான் சொல்லல,” என்றார்.

ஐந்து கைகள் உயர்ந்தன. அவள் எழுந்து நின்றாள்.

“நிசப்தமா? எமகாதகிம்மா நீ,” என்றார் பல் மருத்துவர் வாஞ்சையோடு. “இப்பவாவது சொல்லு. வெளிய யாரு?”

“நான்தான்,” என்றாள். “என் வீட்டுக்காரர் பூட்டினாரு. மாமா உள்ளதான் இருந்தாரு.”

எங்கோ ஒரு நாற்காலி முனகியது. பல் மருத்துவர் பலகைப் பக்கம் திரும்பினார்.

“இதைச் சொல்லியிருக்க வேண்டாமேம்மா,” என்றார். அவர் குரலில் இருந்தது மெய்யான வருத்தம். “எவ்வளவு ஆழமா இருந்துச்சு. இப்ப வெறும் சமாச்சாரமாயிடுச்சு. தப்பா நினைக்காத, என் ஓட்ட எடுத்துக்கறேன்.”

“என்னோடதையும்,” என்றார் தையற்காரர்.

நூலகர் அம்மாள் விதி பிறழாமல் ஐந்தை அழித்து மூன்று என்று எழுதினார். எவ்வளவு நேரம் நின்றாய் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

மாமனார் கனைத்துக்கொண்டார். “வீட்டு விஷயத்த வீதிக்குக் கொண்டுவரக் கூடாதும்மா. கடைசி வரிய மட்டும் மாத்திடலாம். ‘காற்று மோதும் ஓசை’ன்னு வை. முன்பனிக்குக் காத்து ஒட்டாதுதான். பரவாயில்ல, நான் அனுமதிக்கிறேன். முதற்பக்கம் உனக்கே.”

பருவ விதியை அவர் தளர்த்தியது அதுவே முதன்முறை. தாமே எழுந்து சென்று, தாழ்ப்பாளை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, காற்றை மணிமணியான எழுத்தில் எழுதினார். கையிலிருந்த சுண்ணத்தூளைத் தட்டிக்கொண்டே, “கிளம்பும்மா. நாளைக்கு அவன் வர்றான், வேலை கிடக்கு,” என்றார்.

அவருக்குப் புரியவில்லை என்றுதான் அவள் இத்தனை நாள் எண்ணியிருந்தாள். அவருக்கு முதல் முறையிலிருந்தே புரிந்திருந்தது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“நான் வரல மாமா,” என்றாள். “நான் வேலை பாக்கற கடைக்கார அம்மா வீட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. இன்னிக்கே அங்க போயிடறேன்.”