உழவு மெஷின் ஏறிய எக்கோ பெட்டி

"உழவு மெஷின் ஒண்டு அந்த எக்கோ பெட்டிக்கு மேல ஏறிப் போச்சு. பெட்டிக்கு ஒண்டும் ஆகல்ல. மெஷின்தான் கராஜில மூணு நாளாப் படுத்துக் கிடந்திச்சு."

கலந்தர் காக்கா இதைச் சொன்னபோது சாய்ந்தமருதுத் தேநீர்க் கடையில் பதினொரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் சிரித்தார்கள். பதினோராவது ஆளான பளீலுக்குச் சிரிப்பு வரவில்லை. காது கூசியது.

காது கூசாமல் என்ன செய்யும்? கல்முனையில் ஸவுண்ட் சேர்விஸ் கடை வைத்திருப்பவர் அவர். பாண்டிருப்பிலிருந்து விநாயகபுரம் வரைக்கும் கலியாணமோ கோயில் திருவிழாவோ பக்கீர்மார் பாடும் பைத்தோ, எதுவானாலும் மைக்கும் ஸ்பீக்கர் பொக்ஸும் அவருடையவைதான். அந்தக் கரையில் காகங்கள்கூடப் பளீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சத்தமாகக் கரைகின்றன என்று பேச்சு. அப்படிப்பட்டவர் முன்னால் வந்து எக்கோ பெட்டியைப் பற்றிக் கதை விடுவதென்றால்!

கலந்தர் காக்கா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கரையோர வீதியில் முப்பத்திரண்டு வருடம், ஐம்பது பேர் ஏறக்கூடிய பஸ்ஸில் ஐந்நூறு பேரை ஏற்றியவர். பென்ஷன் எடுத்த பிறகு, கதைக்குள் ஏற்றத் தொடங்கியிருந்தார்.

"அது புள்ளையள் சாவி குடுத்து ஓட்டுற மெஷினா காக்கா?" என்று பளீல் கேட்டார்.

"நாலு சில்லு ட்ராக்டர் மெஷின். கண்ணால பாத்தவன் நான்" என்றார் காக்கா, கண் இமைக்காமல்.

அந்தப் பெட்டியைச் செய்தவள் கலந்தர் காக்காவின் தங்கை மகள் றினோஸா. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, மருதமுனையில் கைத்தறிகளுக்கு நடுவே ஒரு சின்ன அறையை எடுத்துத் தன் கையாலேயே எக்கோ பெட்டிகள் செய்துகொண்டிருந்தாள். பாடுகிறவரின் குரல் மைக் வழியாகப் பெட்டிக்குள் போகும். வெளியே வரும்போது பெரிய மண்டபத்தில் நின்று பாடியதுபோல அலையலையாக வரும். பளீல் கொழும்பிலிருந்து எடுப்பிக்கும் பிளாஸ்டிக் பெட்டியும் அதைத்தான் செய்தது. ஆனால் றினோஸாவின் ஒரு பெட்டி விலைக்கு அதில் மூன்று வாங்கலாம்.

மூன்று வாங்கினாலும் மூன்றும் ஒரு கலியாண சீசனைத் தாண்டாது என்பது வேறு விஷயம். அதைப் பளீல் வெளியில் சொல்வதில்லை.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. எதையாவது பொய் என்று நினைத்துவிட்டால், அது எத்தனை முழப் பொய் என்று அளந்து பார்க்காமல் சோறு இறங்காது. மறுநாள் காலையிலேயே மருதமுனையில் நின்றார். றினோஸாவுக்கு மாமாவின் கதை ஏற்கனவே எட்டியிருந்தது. முகம் சிவந்துபோய் இருந்தாள். மெஷின் கதையைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டியையும் ஸ்க்ரூ டிரைவரையும் அவர் முன்னால் வைத்தாள். "திறந்து பாருங்க பளீல் காக்கா."

பளீல் திறந்தார். திறந்தவர் அரை மணித்தியாலம் தலையை நிமிர்த்தவில்லை.

வெளித்தகடு சம்மாந்துறைக் கொல்லர் ஒருவர் மடித்துக் கொடுத்தது. பெருவிரலால் அழுத்தினால் விரல்தான் நோகும். குமிழ்களின் தண்டெல்லாம் உலோகம். அதையும்விட அவரைப் பிடித்து நிறுத்தியது வயர் குத்தும் துளைகள். கொழும்புப் பெட்டியில் அந்தத் துளைகள் உள்ளே இருக்கும் மெல்லிய போர்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் வயரில் கால் இடறினால் போதும், போர்டு விரிசல் விட்டு, அடுத்த பாட்டிலிருந்து கொர்ரென்று இரையும். இங்கே ஒவ்வொரு துளையும் தகட்டோடு நட்டுப் போட்டு இறுக்கியிருந்தது. இழுக்கிற பாரம் போர்டுக்குப் போகவே போகாது. உள்ளே ஓடிய வயர்களை, பக்கத்துத் தறியில் வாங்கிய நூலுக்கு மெழுகு பூசி, இரண்டு விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தாள்.

இது என்னத்துக்கு என்று முடிச்சைக் காட்டிக் கேட்டார். உழவு மெஷின் ட்ரெயிலரில் குலுங்கிக் குலுங்கிப் போகிற சாமானுக்கு வயர் ஆடக் கூடாது, ஆடினால் நாளைக்கு அறும் என்றாள். பளீல் தன் சாமான்களெல்லாம் ட்ரெயிலரில்தான் போகின்றன என்பதை இவளுக்கு யார் சொன்னது என்று யோசித்தார்.

பேச்சு இப்படி முடிந்தது: பளீல் ஒரு மாதம் பெட்டியைப் பாவித்துப் பார்ப்பார். பிடித்தால் எட்டுப் பெட்டி எடுப்பார். எட்டுக்குச் சொன்னால்தான் றினோஸாவுக்கு அந்த அறை. அறைக்காரி றாபியா, மாத முடிவில் அங்கே இரண்டு தறி போடக் காத்துக்கொண்டிருந்தார்.

மூன்று கிழமை பெட்டி பாடியது. நிந்தவூரில் கலியாணம், காரைதீவில் கோயில். ஒரு கொர்ரும் இல்லை. இருந்தாலும் தேநீர்க் கடைக்குப் போகும்போதெல்லாம், "இண்டைக்கு எந்த மெஷின் ஏறினது காக்கா? கப்பல் ஏதும் ஏறல்லையா?" என்று கலந்தர் காக்காவைச் சீண்டாமல் பளீல் திரும்பவில்லை.

நாலாம் கிழமை வியாழக்கிழமை, வீரமுனையில் ஒரு கோயில் வேலை முடிந்தது. திரும்பும் வழியில் தன் வயலில் எட்டு மூட்டை நெல்லையும் லாண்ட்மாஸ்டர் என்ற தன் இரண்டு சில்லு உழவு மெஷினின் ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டார். பொக்ஸ், ஜெனரேட்டர், நெல் எல்லாம் ஒரே பாரம். ஓட்டியது செல்லத்தம்பி, வீரமுனைக்காரன். பின்னேரம் நாலு மணி. கிறவல் போட்ட வாய்க்கால் கட்டில் ஏறும்போது எதிரே எருமைக் கூட்டம் வந்து வழியை மறித்து நின்றது. அந்த ட்ரெயிலருக்குப் பிரேக் என்று ஒன்று இருந்ததாகப் பளீலின் வாப்பா காலத்துக் கதை. பாரம் மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது.

"முட்டுக் குடுங்க முதலாளி" என்று செல்லத்தம்பி கத்தினான்.

ஏற்றங்களில் சில்லுக்கு முட்டுக் கொடுக்கப் பாலைமரக் கட்டை ஒன்று எப்போதும் ட்ரெயிலரின் வலது மூலையில் கிடக்கும். பொக்ஸைச் சிராய்க்காமல் இருக்க அதை ஒரு யூரியா உரப்பையில் சுற்றி வைத்திருப்பார். பளீல் குதித்தார், மூலையில் கையை விட்டார், பாரமான உரப்பையை இழுத்தெடுத்துச் சில்லுக்குக் கீழே வைத்தார்.

ஒரு கணம் நின்றது. பிறகு சில்லு அதன்மேல் ஏறியது; ஏறி மறுபக்கம் தொப்பென்று விழுந்தது. விழுந்த உலுக்கலில் மெஷினையும் ட்ரெயிலரையும் கொழுவியிருந்த இரும்பு ஆணி படாரென்று முறிந்தது. ட்ரெயிலர் முன்கம்பு கிறவலில் குத்தி அங்கேயே குந்திக்கொண்டது. பாரம் விட்ட மெஷின், செல்லத்தம்பி குதித்துத் தப்ப, எருமைகளுக்கு நடுவே புகுந்து வாய்க்காலுக்குள் தலைகீழாக இறங்கியது. எருமைகள் அதைத் தங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டு கீழே பார்த்தன.

பளீல் ட்ரெயிலருக்குள் எட்டிப் பார்த்தார். வலது மூலையில் இன்னொரு உரப்பை கிடந்தது. தொட்டால் மரம்.

கோயிலில் சாமான் ஏற்றும்போது, கிறவல் தூசி படக் கூடாதென்று எக்கோ பெட்டியையும் உரப்பையில் சுற்றி அதே மூலையில் வைத்தது அவரேதான்.

சில்லு ஏறிய பையை அவிழ்த்தார். மேல்தகடு ஒரு விரற்கடை அமுங்கியிருந்தது, அவ்வளவுதான். அங்கேயே, வாய்க்கால் கட்டிலேயே, ஜெனரேட்டரை இயக்கி மைக்கைக் குத்தினார். "ஹலோ" என்றார். பெட்டி மூன்று தரம் ஹலோ சொன்னது. மூன்றாவது கொஞ்சம் நக்கலாக இருந்ததுபோல அவருக்குப் பட்டது. திறந்து பார்த்தார். ஒரு நட்டுத் தளரவில்லை. ஒரு முடிச்சு அவிழவில்லை.

மெஷின் கராஜுக்குப் போனது. கராஜ்காரரிடம் கல்லில் ஏறியது என்று சொன்னார். செல்லத்தம்பியிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சினார். இருபது வருட ஸவுண்ட்காரன் எக்கோ பெட்டியைச் சில்லுக்கு முட்டாக வைத்தான் என்று தெரிந்தால், கல்முனைச் சந்தைக்குள் எந்த முகத்தோடு போவது? அதைவிட, கலந்தர் காக்கா சொன்னது நடந்துவிட்டதென்று கலந்தர் காக்காவிடமே எப்படிச் சொல்வது?

மாத முடிவில் றினோஸாவும் மாமாவும் பளீலின் கடைக்கு வந்தார்கள். பெட்டி நல்லாத்தான் பாடினது, எட்டுக்கும் ஓடர் தருகிறேன் என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் பளீல் நினைத்திருந்தார். ஆனால் றினோஸா முதலில் மேசையில் இருந்த பெட்டியை எடுத்தாள். தகட்டைத் தடவினாள். அமுங்கிய இடத்தில் விரல் நின்றது.

விழுந்ததா என்று கேட்டாள். இல்லை, விழவில்லை என்றார் பளீல். அது பொய்யும் இல்லை.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "சும்மா தூக்கி இறக்கினதுக்கே தகடு இப்பிடிப் பதிஞ்சா, இத நான் ஆருக்கும் விக்க ஏலா காக்கா. ஓடரும் வேணாம். றாபியா ராத்தாக்கிட்ட அறையக் குடுத்துடுறன்."

கடைக்குள் இருந்த நாலைந்து பேரும் மேசைப் பக்கம் வந்தார்கள். கலந்தர் காக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"பளீல், என்னால வந்த வினை இது. மெஷினும் ஏறல்ல, ஒண்டும் ஏறல்ல. புள்ளைட சாமான நாலு பேர் திரும்பிப் பாக்கட்டும் எண்டு நான் உட்ட கதை அது."

பளீல் அந்தப் பெட்டியைப் பார்த்தார். உள்ளே இருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம்.

"அறையக் குடுக்காதீங்க தங்கச்சி" என்றார். காக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏறினது காக்கா. எண்ட லாண்ட்மாஸ்டர்ட ட்ரெயிலர், எட்டு மூட்டை நெல்லோட. முட்டுக்கட்டையெண்டு நினைச்சு இத சில்லுக்குக் கீழ வெச்சவன் நான்தான்."